ஊருக்கு உழைக்க ஆசையா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்!

"டாக்டர், ரிட்டயர் ஆயிட்டேன். பிள்ளைங்களும் செட்டில் ஆயிட்டாங்க. சொந்த ஊருக்கு ஏதாவது செய்யணும்னு ஆசை. ஒரு டிரஸ்ட் ஆரம்பிச்சா நிதி எல்லாம் கிடைக்குமாமே... யாரைப் பார்க்கணும்?"

மூட்டு வலிக்குத் தைலம் வாங்க வருகிறவர்கள், எழுந்து போகும்போது என்னிடம் இப்படிக் கேட்பதுண்டு. நல்ல மனசுதான். அந்த மனசு வீணாகிவிடக் கூடாதே என்றுதான் இந்தக் கட்டுரை. ஏனென்றால், அதே ஆசையோடு இறங்கி அடிபட்டவன் நான். என் கதையை முதலில் கேளுங்கள். பிறகு வழிகளைச் சொல்கிறேன்.

நாங்கள் கோட்டை விட்ட கதை

தூத்துக்குடி மாவட்டம் ஓட்டப்பிடாரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கப்பலோட்டிய தமிழன் வ.உ.சி. பிறந்த ஊர். சுற்றிலும் கரிசல் காடு. மழை பெய்தால் மண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழை ஏமாற்றினால் பருத்தியும் போச்சு, உளுந்தும் போச்சு. பிறகு ஆம்பிளைகள் பிழைப்புத் தேடி வெளியூருக்குக் கிளம்பிவிடுவார்கள்.

அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நானும் நண்பர்கள் ஆறு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் இலவச முகாம் நடத்தினோம். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், உரக்கடைக்காரர் ஒருவர், போஸ்ட் மாஸ்டர் ஒருவர்... எல்லோருமே கையில் இருந்ததைப் போட்டோம். சூரணம், தைலம், லேகியம் எல்லாம் கொடுத்தோம். சோகை பிடித்த பெண்கள் வந்தார்கள். மூட்டைப் பிடித்துக்கொண்டு பெரியவர்கள் வந்தார்கள்.

ஒருநாள் ஒரு தாய் தன் மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். "டாக்டரய்யா, இந்தப் பிள்ளைக்கு எம்புட்டு வெளக்கினாலும் பல்லுல கறை போக மாட்டேங்கு. பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுதாகளாம், சிரிக்கவே மாட்டேங்கா" என்றாள். சிறுமியின் முன்பற்களில் பழுப்புக் கோடுகள். பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தேன். பாதிப் பிள்ளைகளின் பல்லில் அதே கோடு!

அது அழுக்கில்லை. தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு செய்கிற வேலை. ஓட்டப்பிடாரம் ஒன்றியத்தில் இந்தப் பல் கறையைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரையே வந்திருக்கிறது. குடிதண்ணீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் போனால், ஏறத்தாழ எட்டு வயதுக்குள் உருவாகிற பற்களில் கறை நிலைத்துவிடும். அளவு மிக அதிகமாகி, வருடக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிவிடும். காய்ச்சினால் போகுமா? போகாது. தண்ணீர் வற்ற வற்ற ஃபுளோரைடு இன்னும் கெட்டிப்படும். ஒரு சித்த மருத்துவனாக உண்மையைச் சொல்கிறேன். படிந்துவிட்ட கறைக்கு என்னிடமும் சூரணம் கிடையாது. தண்ணீரை மாற்றுவதுதான் மருந்து.

அந்தச் சமயத்தில் ஒரு கம்பெனி அதிகாரி எங்கள் முகாமைப் பார்க்க வந்தார். சந்தோஷப்பட்டார். "நல்ல காரியம் செய்றீங்க. நாங்க உதவலாம். இதுவரைக்கும் எத்தனை பேரைப் பார்த்திருக்கீங்க? எத்தனை பிள்ளைகளுக்குப் பல்லில் கறை? மூணு வருஷத்து ஆடிட் ரிப்போர்ட் இருக்கா?" என்று கேட்டார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களிடம் இருந்தது, ஒரு மஞ்சள் பையில் கசங்கிய ரசீதுகள் மட்டும்தான். எழுதி வைக்க வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லை. உதவி கைநழுவிப் போனது.

அதோடு விட்டோமா? "வெளிநாட்டுப் பணம் வாங்கித் தாரேன், புராஜெக்ட் நான் எழுதுதேன், முன்பணம் மட்டும் கொடுங்க" என்று ஒருவர் வந்தார். ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தோம். ஆளும் வரவில்லை, பணமும் வரவில்லை. நோயாளியிடம் "போலி டாக்டரிடம் போகாதீங்க" என்று தினமும் சொல்கிற நானே போலித் தரகரிடம் போய் விழுந்தேன்.

மருந்து பாதி, பத்தியம் பாதி

சித்த மருத்துவத்தில் பத்தியம் தப்பினால் மருந்து வேலை செய்யாது. தொண்டுக்குக் கணக்குதான் பத்தியம். இது எங்களுக்குப் புத்தி வர இரண்டு வருடம் ஆயிற்று.

புதிதாகத் தொடங்கினோம். ரூபாய் நோட்டோடு இல்லை, வெறும் நாற்பது பக்க நோட்டோடு! மகளிர் குழுவில் எட்டாவது படித்த இரண்டு பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். வீட்டில் எத்தனை பேர், குடிக்க எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள், பிள்ளைகளின் பல் எப்படி இருக்கிறது, யாருக்குக் கால் மடக்க முடியவில்லை... எல்லாம் எழுதினார்கள். ஒவ்வொரு அடிபம்பிலும் தண்ணீர் பிடித்து, பெயர் எழுதி ஒட்டி, குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுத்தோம். முடிவு வந்ததும், குடிக்க ஆகாத பம்புகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தோம். "துணி துவைக்கலாம், மாடு கழுவலாம், குடிக்கக் கூடாது."

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போனோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்தில் ஆறு நாள் தமிழ்நாட்டில் கிராம சபை கூடும். அதில் தீர்மானம் போட்டோம். குடிக்கவும் சமைக்கவும் கூட்டுக் குடிநீர்க் குழாயில் வரும் தண்ணீர்தான் என்று முடிவாயிற்று. குழாய் வராத தெருவுக்கும் இழுத்துத் தரச் சொல்லி மனு போனது. பள்ளிக்கூடத்தில் முருங்கைக் கீரை, பால், நெல்லிக்காய் பற்றிப் பேசினோம். அவை கறையைப் போக்காது. ஆனால் வளர்கிற உடம்புக்குச் சுண்ணாம்புச் சத்தும் உயிர்ச்சத்து 'சி'யும் தரும்.

இதற்கெல்லாம் எவ்வளவு நிதி வாங்கினோம் தெரியுமா? ஒரு பைசா இல்லை! ஆனால் அடுத்து ஒருவரிடம் உதவி கேட்டுப் போனபோது, அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்வியே வேறு: "எவ்வளவு வேணும்?"

பெரியவர்கள் எப்படித் தொடங்கினார்கள்?

நம் கரிசல் காட்டு வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. மூட்டு நோயால் விரல்கள் கோணிப்போனவர். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல் மதுரையில் வெறும் 11 படுக்கைகளோடு ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். அதுதான் இன்று உலகமே வந்து பார்க்கிற அரவிந்த் கண் மருத்துவமனை. பணம் கட்டுகிறவர்களிடம் வாங்கி, கட்ட முடியாதவர்களுக்கும் அதே தரத்தில் ஆபரேஷன் செய்வது அவர் கண்ட வழி.

மகாராஷ்டிராவில் ஜாம்கெட் என்று ஓர் ஊர். நம் ஊர் மாதிரியே வறண்ட பூமி. வேலூர் சி.எம்.சி.யில் படித்த டாக்டர் ரஜினிகாந்த் ஆரோலேயும் அவர் மனைவி டாக்டர் மேபெல்லும் 1970-இல் அங்கே போனார்கள். ஜனங்கள் அவர்களிடம் முதலில் கேட்டது ஊசியும் மாத்திரையும் இல்லை. தண்ணீரும் சோறும்! அதிலிருந்தே தொடங்கினார்கள். ஊரே தேர்ந்தெடுத்த பெண்களுக்கு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும்கூட, பயிற்சி கொடுத்துச் சுகாதாரப் பணியாளர் ஆக்கினார்கள்.

நம் தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில் 1993-இல் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் ஒரு குடிசையில்தான் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். அந்த மலைக்கிராமத்துப் பெண்களையே பயிற்றுவித்தார்கள்.

மூன்று பேருமே ஊரின் தேவையைப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்கள். கட்டடம் பின்னால் வந்தது.

பயிற்சி எங்கே கிடைக்கும்?

பணத்துக்கு முன்னால் பயிற்சி தேடுங்கள். பெரும்பாலும் செலவு குறைவு, பலன் அதிகம்.

* திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம். 1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கியது. அங்குள்ள கிராமிய சுகாதார, குடும்பநல நிறுவனம் 1964-லிருந்து சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருகிறது.

* வேலூர் சி.எம்.சி.யின் 'ருஷா'. கே.வி. குப்பத்தில் 1977-இல் தொடங்கியது. மருத்துவத்தையும் கிராம முன்னேற்றத்தையும் சேர்த்துச் செய்வது எப்படி என்று கண்ணால் பார்க்கலாம்.

* மதுரை அரவிந்தின் 'லைக்கோ' நிறுவனம், 1992-லிருந்து. ஆஸ்பத்திரியையும் கண் முகாமையும் நிர்வாகம் செய்யும் கலை இங்கே கிடைக்கும்.

* ஜாம்கெட்டிலேயே பயிற்சி மையம் இருக்கிறது. கிராமத்துப் பெண்களே வந்தவர்களுக்குப் பாடம் சொல்வதைப் பார்க்கலாம்.

* மறைமலைநகரில் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம். பஞ்சாயத்து, திட்டமிடல் விஷயங்களுக்கு.

இதெல்லாம் தூரமாகத் தெரிகிறதா? உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வட்டார மருத்துவ அலுவலரைப் பாருங்கள். "நாங்க ஏழு பேர் இருக்கோம், என்ன ஒத்தாசை செய்யலாம்?" என்று கேளுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் தண்ணீரைச் சோதிக்கும் சிறு பெட்டி கொடுத்து, ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பழக்கிக் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. உங்கள் ஊரில் அந்தப் பெட்டி பீரோவில் தூங்குகிறதா என்று விசாரியுங்கள்!

முதல் வேலையாகக் கண் சிகிச்சை முகாம் ஒன்று நடத்திப் பாருங்கள். அரவிந்த் முகாம்களில் டாக்டர்களும் கருவிகளும் அவர்களுடையது. இடம் பிடிப்பது, தண்டோரா போடுவது, பெரியவர்களைக் கூட்டி வருவது இதெல்லாம் உள்ளூர்க்காரர்கள் பொறுப்பு. உங்கள் குழு சேர்ந்து வேலை செய்யுமா, சண்டை போடுமா என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

பதிவு செய்வது எப்படி?

இரண்டு வழிகள் சாதாரணமாகப் பழக்கத்தில் உள்ளவை. ஒன்று, டிரஸ்ட். பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது. மற்றது, சங்கம். 1975-ஆம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதிவது. வருடா வருடம் கணக்கு காட்டியாக வேண்டும்.

"டிரஸ்ட்தான் சுலபம்" என்று கணவர், மனைவி, மச்சான் மூவரையும் போட்டு எழுதிவிடாதீர்கள். சட்டம் தடுக்காமல் இருக்கலாம். ஆனால் உதவுகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்தப் பெயர்களைத்தான். வெவ்வேறு தெரு, வெவ்வேறு சாதி, குறைந்தது இரண்டு பெண்கள், கணக்கு தெரிந்த ஒருவர் என்று இருந்தால் நம்பிக்கை தானாக வரும்.

பிறகு பான் கார்டு, சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. நிதி ஆயோக்கின் 'தர்பண்' பதிவு. இதற்குக் கட்டணம் கிடையாது. அடுத்து வருமான வரி அலுவலகத்தில் இரண்டு பதிவுகள். '12ஏ' உங்கள் சங்கத்துக்கு வரிவிலக்கு தருவது. '80ஜி' உங்களுக்கு நன்கொடை கொடுக்கிறவருக்குச் சலுகை தருவது. 2025-ஆம் வருடத்துப் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும், பேச்சில் பழைய எண்கள்தான். ஒருமுறை வாங்கி மறந்துவிடாதீர்கள், காலத்தில் புதுப்பிக்க வேண்டும். இன்னொன்று, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்குச் சலுகை கிடையாது. செக்காகவோ வங்கி வழியாகவோ வாங்குங்கள்.

பணம் வரும் நான்கு வாசல்கள்

1. உள்ளூர் வாசல். ஊர்க்காரர்களின் பத்து, நூறுதான் பலமான பணம். அரசாங்கத்தின் 'நமக்கு நாமே' திட்டம் 1997-98-இல் வந்து, 2021-22-இல் மீண்டும் உயிர் பெற்றது. பொதுவாக மூன்றில் ஒரு பங்கை ஜனங்கள் போட்டால் மீதியை அரசு போடும். உங்கள் ஊருக்கு இந்த வருடம் ஒதுக்கீடு உண்டா என்று ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள்.

2. கம்பெனி வாசல். 2013-ஆம் வருடத்துக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரலிலிருந்து இது நடப்பில் இருக்கிறது. தாங்கள் தொழில் செய்கிற வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது சட்டம். ஆகவே பம்பாய்க்கு எழுதுவதைவிட, பக்கத்து ஆலைக்கு எழுதுங்கள். 2021 ஏப்ரலிலிருந்து, இந்தப் பணம் வாங்க நினைக்கும் சங்கம் கம்பெனி விவகார அமைச்சகத்தில் 'சி.எஸ்.ஆர்.-1' படிவத்தில் பதிந்து எண் வாங்கியிருக்க வேண்டும். மூன்று வருட வேலைக்குச் சாட்சியும் கேட்பார்கள். எங்களிடம் இல்லாமல் போனது அதுதான்!

3. அரசு வாசல். முதியோர், மாற்றுத் திறனாளிகள், குடிநோய் சிகிச்சை போன்றவற்றுக்கு மத்திய அரசின் மானியங்கள் உண்டு. விண்ணப்பம் 'இ-அனுதான்' என்ற இணையதளம் வழியாக. விவசாயம், நீர்வடிப்பகுதி, மகளிர் குழு என்றால் நபார்டு வங்கியின் மாவட்ட வளர்ச்சி மேலாளரைப் பாருங்கள். மூலிகைச் சாகுபடிக்கு, 2000-இல் அமைந்த தேசிய மூலிகைத் தாவரங்கள் வாரியம் இருக்கிறது. அவுரி இலையைக் கப்பலேற்றிப் பேர் வாங்கிய நம் சீமைக்கு இது பொருந்தும்.

4. வெளிநாட்டு வாசல். இதுதான் எல்லோருக்கும் கனவு. இதில்தான் கெடுபிடியும் அதிகம். வெளிநாட்டு நிதிச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. பதிவு கேட்க, மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாய் சொந்தப் பணிக்குச் செலவிட்டிருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வரும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாங்கிய பணத்தை வேறு சங்கத்துக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. தொடக்கத்தில் இந்த வாசல் வேண்டாம் என்பதே என் யோசனை.

வாசகர்கள் கேட்கும் மூன்று கேள்விகள்

"என் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அவன் அனுப்பும் பணம் வெளிநாட்டு நிதியா?"

அவர் இன்னும் இந்தியக் குடிமகன் என்றால், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நிதி ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கி ஃபைலில் வையுங்கள். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், பெற்ற பிள்ளையே ஆனாலும் அது வெளிநாட்டு நிதிதான்!

"நிதி தரும் நிறுவனங்களின் பட்டியல் விற்கிறார்கள். வாங்கலாமா?"

வேண்டாம். அந்தப் பழைய பட்டியல்களில் 'கபார்ட்' இருக்கும், மத்திய சமூக நல வாரியம் இருக்கும். முன்னது ஹைதராபாத் தேசிய ஊரக வளர்ச்சி நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. பின்னது மூடப்பட்டுவிட்டது. இல்லாத கடைக்கு வழி கேட்டு என்ன பயன்?

"புராஜெக்ட் எழுத இங்கிலீஷ் வேண்டாமா?"

முதலில் தமிழில் இரண்டு பக்கம் எழுதுங்கள். என்ன கஷ்டம், எத்தனை பேருக்கு, நீங்கள் என்ன செய்வீர்கள், எவ்வளவு ஆகும், பலன் கிடைத்தது என்று எதை வைத்துச் சொல்வீர்கள், பணம் நின்ற பிறகு யார் நடத்துவார்கள். இந்த ஆறுக்கும் பதில் இருந்தால், மொழிபெயர்க்க உங்கள் ஊர்க் கல்லூரி ஆசிரியர் போதும். கொடுப்பவர் எதற்குக் கொடுக்கிறார் என்று பார்த்து ஊரின் நோயை மாற்றி எழுதாதீர்கள். தலைவலிக்காரனுக்குப் பேதி மருந்து கொடுத்த கதையாகிவிடும்!

ஏமாறாமல் இருக்க...

* முன்பணம் கேட்கிறவரை, கமிஷன் பேசுகிறவரை வாசலோடு அனுப்புங்கள்.
* வெற்றுத் தாளில், வெற்றுக் காசோலையில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.
* "உங்க கணக்குல போடுதோம், பாதியைத் திருப்பிக் கொடுங்க" என்றால், அது உதவி இல்லை, குற்றம்.
* மாதம் ஒருமுறை வரவு செலவை ஊர்ப் பொது இடத்தில் ஒட்டுங்கள். கணக்கைப் பார்க்கிற ஊர் காசு கொடுக்கத் தயங்காது.

அந்தச் சிறுமி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அவள் பல்லில் கறை போகவில்லை. வளர்ந்த பிறகு பல் டாக்டரிடம் மேல்பூச்சு செய்துகொள்ளலாம் என்று சொல்லி வைத்திருக்கிறோம். அவள் தம்பி சின்னதிலிருந்தே குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். போன மாதம் அவன் தாய் அவனைக் கூட்டி வந்தாள். முளைத்து நிற்கிற முன்பல் இரண்டையும் காட்டச் சொன்னேன். ஈ... என்று காட்டினான். வெள்ளையாகத்தான் இருக்கிறது. மற்றப் பற்களும் வர வேண்டும், இன்னும் சில வருடம் பார்க்க வேண்டும். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டோம்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கஷ்டம் கண்ணுக்குத் தெரிந்தே இருக்கும். இன்று சாயங்காலம் கடைத்தெரு பக்கம் போனால் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வாருங்கள். முதல் பக்கத்தில் உங்களோடு நிற்கக்கூடிய ஏழு பேரின் பெயரை எழுதுங்கள். ஏழு பேர் சேரவில்லையா? டிரஸ்ட் யோசனையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். சேர்ந்துவிட்டார்களா? இரண்டாம் பக்கத்தில் முதல் வீட்டின் கணக்கை எழுதத் தொடங்குங்கள்!